மூக்கு கரையாத கிளி

எங்கள் வீட்டில் எதையும் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். சூளையிலிருந்து இறக்கிய பீங்கானை நடுவிரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால், நல்லது மணி மாதிரி பேசும். கீறல் விழுந்தது 'டொக்'கென்று செத்த சத்தம் போடும். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. என் கணவரின் அண்ணனுக்கு அது வியாதி. தேங்காயைத் தட்டுவார், கதவைத் தட்டுவார், புதிதாக வாங்கிய செருப்பின் அடியைத் தட்டுவார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் நீட்டிய காபி டம்ளரைச் சுண்டிவிட்டு, "டம்ளரு நல்லாத்தான் இருக்குது. பொண்ணத் தட்டிப் பாக்க வுட மாட்டாங்களே" என்றார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

என் ஊர் கம்மாபுரம் பக்கம். நிலக்கரிச் சுரங்கத்துக்காக எங்கள் பக்கத்து நிலங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்த காலம். கல்யாணம் ஆன மறுவருஷம் எங்கள் வீடும் போனது. அப்பாவும் அம்மாவும் சேத்தியாத்தோப்பில் என் தம்பி எடுத்த வாடகை வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். நிலக்கரிக்கு மேலே கிடக்கிற வெள்ளைக் களிமண்தான் இந்த ஊர்க் கம்பெனிகளில் கோப்பையும் ஃபியூஸ் கட்டையும் பொம்மையுமாக ஆகிறது. "மண்ணும் அங்கேருந்துதான் வருது, பொண்ணும் அங்கேருந்துதான் வந்துருக்குது" என்று என் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மண்ணுக்காவது லாரி வாடகை கொடுக்க வேண்டும், எனக்கு அதுவும் இல்லை என்பது அவர் சொல்லாமல் விட்ட பாதி.

நான் எழுத வந்தது அந்த வீட்டுக் கொல்லையில் இருந்த செப்டிக் டேங்க்கைப் பற்றி. நாற்றம் பிடித்த விஷயம்தான். ஆனால் இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருஷங்களில் என் உயிர் அந்த டேங்க்கை மூடியிருந்த கான்கிரீட் சிலாப்பின் மேல்தான் தினமும் நின்றது. அது எந்த நாளும் உடைந்து என்னை உள்ளே விட்டிருக்கலாம். விடவில்லை. விடாததில் அந்த வீட்டு மனிதர்களுக்கு ஒரு பங்கும் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கொல்லையில் இடம் கம்மி. அதனால் டேங்க்கின் மேல்தளமே எங்களுக்கு முற்றம். அதன் ஒரு ஓரத்தில் துவைக்கிற கல், பெரிய கருங்கல், மாமனார் உயிரோடு இருந்தபோது வாங்கிப் போட்டது. நடுவில் ஓர் ஆள் குனிந்து பார்க்கிற அளவுக்கு ஒரு வாய், அதற்கு ஒரு மூடி. மாமியார் அந்தத் தளத்தில்தான் வத்தல் காயவைப்பார். என் ஓர்ப்படி, அதாவது கணவரின் அண்ணன் மனைவி, அங்கேதான் உட்கார்ந்து தலை உலர்த்துவார். நாயை அங்கேதான் கட்டியிருந்தோம். மதில் ஓரம் ஒரு முருங்கை மரம், அதில் காய் பறிக்கிற தொரட்டி எப்போதும் சாத்தியிருக்கும்.

எங்கள் டேங்க் தெருவிலேயே அதிகம் நாறியது. சாதாரண நாற்றம் இல்லை, அழுகிய முட்டை நாற்றம். துவைத்துவிட்டு வந்தால் என் கால் விரலில் இருந்த வெள்ளி மெட்டி கறுத்திருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் அடுத்த வாரம் மறுபடி கறுக்கும். என் ஓர்ப்படியின் மெட்டி பளபளவென்று இருக்கும், ஏனென்றால் அவர் துவைப்பதில்லை. என் மாமியார் அதற்கு வேறு காரணம் வைத்திருந்தார். உடம்பில் விஷம் ஓடுகிறவளுக்குத்தான் மெட்டி கறுக்குமாம். என் மகளுக்குப் பிறகு எனக்கு ஒரு கரு தங்காமல் போனதையும் அந்த மெட்டியோடு சேர்த்து முடிந்துவிட்டார். நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். வெள்ளியைக் கறுக்கவைப்பது கந்தக வாயு என்று சொன்னேன். "படிச்ச வாயி" என்றார்.

அந்த வாயு எங்கள் வீட்டில் மட்டும் ஏன் இத்தனை அதிகம் என்பதைக் கண்டுபிடித்ததும் நான்தான். பீங்கான் வேலையில், கரைத்த களிமண்ணை ஊற்றி உருவம் எடுக்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு வேண்டும். அச்சு தேய்ந்துபோனால் தூர எறிவார்கள். மாமனார் வீடு கட்டியபோது, செங்கல் ஜல்லிக்குப் பதிலாகக் கம்பெனியில் குவிந்துகிடந்த உடைந்த அச்சுகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து டேங்க்கின் அடியில் கொட்டி மட்டம் செய்திருக்கிறார். சும்மா கிடைத்த பொருள் ஆயிற்றே. இந்த ஊர்க்காரர்களைத் தவிர யாரும் செய்யாத முட்டாள்தனம் இது. பிளாஸ்டர் என்பது கந்தகம் கலந்த சுண்ணாம்பு. அதை மலத்தோடு காற்றுப் புகாமல் ஊறவைத்தால், அடியில் இருக்கிற கிருமிகள் அந்தக் கந்தகத்தை வாயுவாக்கிக் கக்கிக்கொண்டே இருக்கும்.

இதை ஒருநாள் சோறு போடும்போது அண்ணனிடம் சொன்னேன். இந்த டேங்க்கைக் காலி செய்து அச்சுக் குப்பையை வாரிப் போட்டால் நாற்றம் போகும் என்று சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் நான் பேசி யாரும் இலையிலிருந்து தலை தூக்கியது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் தலை தூக்கியதற்குக் காரணம் வேறு. ஊரில் அப்போது பாதாளச் சாக்கடை வரப்போகிறது என்று பேச்சு. ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை செய்த இன்ஜினியர் ஒருவர் எங்கள் கம்பெனிக்கு வந்து போயிருந்தார். கான்கிரீட் குழாய்களும் மூடிகளும் சாக்கடைக்குள் அரித்துப்போவதைப் பற்றி அவர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். தண்ணீருக்குள் மூழ்கிய சுவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. கந்தக வாயு மேலே ஏறி, மூடியின் அடியில் வேர்த்திருக்கும் ஈரத்தில் ஒட்டும். அங்கே குடியிருக்கிற வேறு ஒரு ஜாதி பாக்டீரியா அதைத் தின்று கந்தக அமிலமாகக் கழிக்கும். அந்த அமிலம் சிமெண்டைத் தின்னும். மேலே நிற்கிறவனுக்கு எதுவும் தெரியாது. கான்கிரீட்டில் தாமிரமோ நிக்கலோ கொஞ்சம் கலந்துவிட்டால் அந்தக் கிருமி பிழைக்காது என்று வெளிநாட்டில் கண்டிருக்கிறார்களாம்.

தாமிரத் தூளும் நிக்கல் தூளும் எங்கள் கம்பெனியில் மூட்டை பிரித்துக் கிடந்தன. பீங்கானுக்கு மேலே பூசுகிற கிளேஸில் பச்சைக்குத் தாமிரம், சாம்பல் நிறத்துக்கு நிக்கல், பளபளப்புக்குத் துத்தநாகம். குழாய் வார்க்கிறவர்களுக்கு இந்தத் தூளைக் கலந்து விற்றால் கோப்பை செய்து பிழைக்க வேண்டியதில்லை என்று அண்ணன் கணக்குப் போட்டார். சோதித்துக் காட்ட அவருக்கு மோசமான ஒரு டேங்க் வேண்டியிருந்தது. அதைத்தான் நான் சோற்றோடு பரிமாறியிருந்தேன். "நம்ம டேங்கு மாதிரி ஒரு டேங்கு இந்த ஜில்லாவுலயே கெடையாது" என்றார், ஏதோ பரம்பரை நகையைப் பற்றிப் பேசுவதுபோல.

மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டார். சிமெண்டை வார்க்கக் கையில் கிடைத்த அச்சு, பொருட்காட்சிக்குச் செய்த கிளிப் பொம்மையின் அச்சு. உள்ளே சோப்புத் தண்ணீர் தடவி, சிமெண்டும் மணலும் குழைத்து ஊற்றி, சின்னச் சின்னக் கிளிகளாக எடுத்தார். ஒன்றில் தாமிரம், ஒன்றில் நிக்கல், ஒன்றில் துத்தநாகம், ஒன்று வெறும் சிமெண்ட். வயிற்றில் கம்பி பதித்து, டேங்க்கின் வாய் வழியாகத் தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கவிட்டார். அம்மாவாசை தவறாமல் கிளிகளை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். எடுக்கிற வேலை எனக்கு.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். படித்த படிப்புக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே வேலை அது. மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, தளத்தின் நடுவில் முட்டிபோட்டு, மூடியைத் தள்ளி, கம்பியைப் பிடித்து இழுப்பேன். மேல்தோலைச் சுரண்டிவிட்டு மஞ்சள் தண்ணீர் தடவுவேன். சிமெண்ட் நல்ல நிலையில் இருந்தால் சுண்ணாம்பு பட்ட மாதிரி மஞ்சள் சிவந்துபோகும். அமிலம் தின்ற இடத்தில் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். இது என் யோசனை. அண்ணன் வந்தவர்களிடம் தன் யோசனை என்று சொன்னார். என் கணவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அவர் அண்ணன் சொல்லாமல் தும்மக்கூட மாட்டார்.

வெறும் சிமெண்ட் கிளிக்கு முதலில் மூக்கு போனது. ஒரு மழைக்காலம் போய் அடுத்தது வருவதற்குள், கொழகொழவென்று வெள்ளையாக ஏதோ பூத்து, நகத்தால் தொட்டால் தயிர்போல வழிந்தது. துத்தநாகக் கிளி கொஞ்சம் தாக்குப்பிடித்துப் பிறகு முகம் சப்பிப்போனது. நிக்கல் கிளிக்குத் தோல் மட்டும் சொரசொரத்தது. தாமிரக் கிளிக்கு மூக்கு அப்படியே இருந்தது, கூர்மைகூட மழுங்கவில்லை. மஞ்சள் தடவினால் குங்குமம்போலச் சிவந்தது. அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரு சின்னச் சிமெண்ட் பொம்மையிடம் அவர் அத்தனை கனிவாக இருந்தார்.

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வெறும் சிமெண்ட் கிளிக்கு இந்தக் கதி என்றால், பல வருஷமாக அதே வாயுவைக் குடித்துக்கொண்டிருக்கிற வெறும் சிமெண்ட் சிலாப்புக்கு என்ன கதி? துணியை அடிக்கும்போது கல்லுக்குக் கீழே ஏதோ அதிர்வது மாதிரி இருந்தது. கணவரிடம் சொன்னேன். "நீ போடுற போடுக்கு அதிராம என்ன செய்யும்" என்றார். மாமியாரிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "உங்க ஊரையே தோண்டி எடுத்துட்டாங்க, இந்தக் குழிக்கா பயப்படுற" என்றார். அதற்கு என் ஓர்ப்படி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்று நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். குழிக்காக அழவில்லை. என் வீடு இருந்த இடம் அவர்களுக்கு ஒரு சிரிப்பாக ஆகிவிட்டதே என்று அழுதேன்.

ஆனால் அண்ணனிடம் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. பார்க்கிறேன் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்து, கண்ணாடித் துண்டு ஒன்றைக் குச்சியில் கட்டி உள்ளே விட்டு, டார்ச் அடித்து சிலாப்பின் அடியைப் பார்த்தார். பிறகு தளத்தின் ஓரத்தில் குந்தி, முட்டியால் இங்கே ஒரு தட்டு அங்கே ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டு போனார். நான் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கையைத் தரையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, "கல்லு மாதிரி இருக்குதும்மா, நீ தைரியமா தொவை" என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டார். நானும் தைரியமாகத் துவைத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் சில மாற்றங்கள் நடந்தன. அன்றைக்கு எதுவும் எனக்கு மாற்றமாகத் தெரியவில்லை. மாமியார் வத்தல் பாயைத் தெருப்பக்கம் எடுத்துப்போனார். கொல்லையில் காக்கை தொல்லை என்றார். ஓர்ப்படி தலை உலர்த்த மாடிக்குப் போக ஆரம்பித்தார். கணவர் காலையில் பல் தேய்த்தபடி அங்கே உலாத்துவது நின்றுபோனது. பிள்ளைகளின் சைக்கிள் முன்வாசலுக்கு வந்தது. எல்லோரும் விலகிப்போனதில் எனக்கு அந்த இடம் தனியாகக் கிடைத்தது. காலையில் ஒரு நாழிகை யாருடைய பேச்சும் இல்லாமல் துவைக்கலாம். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

இன்ஜினியர் கிளிகளைப் பார்க்க வருகிற நாள் குறித்தாகிவிட்டது. அன்று காலை ஊர் முழுக்க மழை பெய்து ஓய்ந்திருந்தது. விருந்தாளி வருகிறார் என்று மேஜை விரிப்பு, திரை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கல்லடிக்குப் போனேன். பாதியில் சோப்புத் தீர்ந்தது. என் மகளைக் கூப்பிட்டுப் புதுக் கட்டி ஒன்று எடுத்து வரச் சொன்னேன். அவள் கொண்டுவந்து சமையலறைப் படியிலேயே நின்றாள். அங்கிருந்து என்னை நோக்கி எறிந்தாள். சோப்பு என் காலடியில் விழுந்து வழுக்கிக்கொண்டு போனது. இந்த வயசிலேயே இந்த வீட்டுத் திமிர் வந்துவிட்டதே என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. கையில் கொண்டுவந்து கொடுடி என்று அதட்டினேன்.

"நான் வர மாட்டேன். அப்பா அடிக்கும்."

ஏன் அடிக்கும் என்று கேட்டேன்.

"அங்க நின்னா ஒடஞ்சு உள்ள வுழுந்துடுவோமாம். பெரியப்பா சொல்லுச்சு. யாரும் போகக் கூடாதாம்."

"அப்ப அம்மா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் மிஸ் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். "அம்மா தொவைக்கணும்ல."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வத்தல் பாய், ஓர்ப்படியின் ஈரத்தலை, சைக்கிள் எல்லாம் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் எழுந்து நகர்ந்து போயின. கடைசியாக மதில் ஓரத்தைப் பார்த்தேன். நாயின் சங்கிலியைப் போன மாதமே அவிழ்த்து முருங்கை மரத்தில் கட்டியிருந்தார்கள். அது கால் நீட்டிப் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடிமேல் அடி வைத்து ஓரமாக வந்து படியேறினேன். கணவர் கண்ணாடி முன்னால் முகத்துக்குச் சோப்பு நுரை போட்டுக்கொண்டிருந்தார். சிலாப் உடைந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன், அவ்வளவுக்கு எனக்கு அது வேண்டியிருந்தது. அவர் கத்தியைக் கன்னத்தில் வைத்தபடியே பதில் சொன்னார்.

"அண்ணன் தட்டிப் பாத்துச்சு. செத்த சத்தந்தான் கேக்குதாம். கம்பியெல்லாம் துருப்புடிச்சுத் தொங்குதாம். கனமா யாரும் ஏறக் கூடாதுன்னுச்சு. நீதான் ஒல்லியா இருக்கியே, தாங்கும்னுச்சு."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் நீ சும்மா இருப்பாயா, சிலாப்பை உடைத்தால்தான் ஆச்சு என்று குதிப்பாய், உடைத்தால் கிளிகளுக்குக் காற்றுப் பட்டு எல்லாம் கெட்டுப்போகும், இன்ஜினியர் வந்து பார்க்கிற வரைக்கும்தானே என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். அந்த மனிதரோடு அன்று வரைக்கும் ஒரே பாயில் படுத்திருந்தேனே என்று உடம்பெல்லாம் கூசியது.

பத்து மணிக்கு மேல் இன்ஜினியர் வந்தார். கொல்லையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அத்தனை நாற்காலியும் மண்தரையில், தளத்தின் விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி. எத்தனை கவனமாகப் போட்டிருக்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரிந்தது. நான் காபித் தட்டோடு வந்தேன். அண்ணன் டம்ளரை எடுத்துச் சுண்டிவிட்டு, தாமிரத்தின் மகிமையை விவரித்தார். கிருமி தொட்டால் செத்துவிடும், நூறு வருஷத்துக்குக் கான்கிரீட் அசையாது என்று அளந்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, கிளிகளை எடு என்றார்.

"நீங்களே எடுங்க மாமா" என்றேன்.

அவர் சிரித்தார். வேலை இருக்கும்போல என்று இன்ஜினியரிடம் சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். என் கணவர் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். தளத்தின் விளிம்புவரை போய், ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தார். கட்டைவிரல் மட்டும் பட்டிருக்கும். திரும்ப எடுத்துக்கொண்டார். வேட்டியைச் சரிசெய்தார். பிறகு என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில், "நீயே எடுத்துக் குடுத்துடேன், ஒரு நிமிஷம்" என்றார்.

தெரிந்த பிறகும் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காலையில் கூசிய உடம்பு இப்போது கொதித்தது. தட்டைத் தரையில் வைத்தேன்.

"ஏன் நீங்க எடுக்கலன்னு சொல்லுங்க. எல்லாரும் கேக்கறாப்புல சொல்லுங்க. நான் எடுக்கறேன்."

வந்தவர் முன்னால் என்ன பேச்சு என்று மாமியார் பல்லைக் கடித்தார். ஓர்ப்படி உள்ளே போய்விட்டார். கணவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது தாங்காது" என்றார் என் கணவர்.

இன்ஜினியருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தளத்தைப் பார்த்தார். துவைக்கிற கல்லில் நான் அலசாமல் விட்டுவந்த திரை இன்னும் நுரையோடு கிடந்தது. பக்கத்தில் என் மகள் எறிந்த சோப்பு. என் ஈரப் புடவையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். படித்த மனிதர், ஏதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, அதற்காகக் காத்துக்கொண்டே நின்றேன்.

"அப்ப பீஸை எப்படி வெளிய எடுக்கறது?" என்று கேட்டார்.

மாமியார்தான் வழி கண்டுபிடித்தார். விறுவிறுவென்று முருங்கை மரத்தடிக்குப் போய் அந்தத் தொரட்டியை எடுத்துவந்து பெரிய மகன் கையில் கொடுத்தார். அண்ணன் மண்தரையில் நின்றபடியே எட்டி மூடியைத் தள்ளினார். கொக்கியில் கம்பியை மாட்டித் தூக்கினார். ஒன்று, அடுத்து ஒன்று என்று எல்லாக் கிளிகளும் வரிசையாக வந்து அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டன. ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு அம்மாவாசைக்கும் நான் நடுத்தளத்தில் முட்டிபோட்டபோது அந்தத் தொரட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் சாத்தியிருந்தது. அது இருப்பது எல்லோருக்கும் தெரியும். தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

மூக்கு போன கிளியையும் மூக்கு போகாத கிளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்ஜினியர் ரொம்ப ரசித்தார். பிரமாதம் என்றார். மஞ்சள் தண்ணீர் வேலையையும் பாராட்டினார். அண்ணன் அடக்கமாகச் சிரித்தார். காபி இன்னொரு சுற்று கேட்டார்கள். அதை என் ஓர்ப்படி போட்டார்.

தூள் வியாபாரம் ஒன்றும் நடக்கவில்லை. தாமிரம் கலந்தால் விலை கட்டுப்படியாகாது என்று குழாய்க்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். எங்கள் வீட்டு டேங்க்குக்கு மட்டும் அண்ணன் தாமிரத் தூள் கலந்து புது சிலாப் வார்த்தார். அது இன்றும் அப்படியே இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் அதன்மேல் கால் வைத்ததே இல்லை. அது காய்வதற்குள் மகளைக் கூட்டிக்கொண்டு சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறிவிட்டேன், அங்கே வாடகை வீட்டில் எனக்கு இடம் இல்லை என்று தெரிந்தும்.

ஆனால் கிளம்புவதற்கு முன்னால் பழைய சிலாப்பை உடைத்த அன்று நான் அங்கே இருந்தேன். இருந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். உடைக்க வந்த ஆள் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று, கடப்பாரையால் ஓரத்தில் ஒரு குத்துக் குத்தினார். இரண்டாவது குத்துக்கு அவர் கையை ஓங்கவே இல்லை. தளம் முழுவதும் நடுவில் மடிந்து உள்ளே போனது. துவைக்கிற கல்லும் போனது. அந்தக் கல் தண்ணீரில் விழுந்த சத்தம் வீட்டுக்குள் வரைக்கும் கேட்டது. நாற்றம் எழும்பி எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் சமையலறைப் படியில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். வேறு யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

மாமியார் குழிக்குள் எட்டிப் பார்த்தார். கல் மூழ்கிய இடத்தில் குமிழி வந்துகொண்டிருந்தது. அவர் கண் கலங்கியதை அந்த வீட்டில் அன்றுதான் பார்த்தேன்.

"நல்ல கல்லுடா. உங்கப்பா வாங்கிப் போட்டது. போச்சே" என்றார்.

"வுடும்மா" என்றார் என் கணவர். "வேற வாங்கிக்கலாம்."